பத்துக்குப் பத்து அறை



மாஹிம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த பலர் அங்கேயே முதியவர்களாகி விட்டார்கள். பலருக்கு வீடு என்பது ஒரே அறை. பத்தடி நீளம், பத்தடி அகலம். மேலே ஒரு பரண். ஏறுவதற்கு ஏணி.

இளமையில் ஏணி ஏறலாம். அறுபதுக்கு மேல் அது ஆபத்து. வயதானால் எலும்பு மெலியும். விழுந்தால் இடுப்பு முறியும். ஆகவே, முதியவருக்குக் கீழே படுக்கை போடுங்கள். அன்றாடச் சாமான்களைக் கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். இளையவர்கள் பரணில் படுக்கட்டும்.

மேலே ஏற வேண்டியது வேறொன்று. அது காகிதப் பெட்டி. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தாலும் காகிதம் நனையக் கூடாது.

காகிதம் எதற்கு? தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் விதி என்ன? 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குச் சான்று வேண்டும். பழைய மின்கட்டண ரசீதும் வாக்காளர் பட்டியலும் உதவும்.

யாராவது தாளை நீட்டினால் உடனே கைநாட்டு வைக்காதீர்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பெயர் சரியா? தேதி சரியா? பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அறை சிறியதுதான். அதில் உங்கள் உரிமை பெரியது.