வல்லரசின் பக்கத்து வீடு

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பனிப்போர் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் இரண்டு கட்டம் போடுவோம். ஒன்றில் அமெரிக்கா, மற்றொன்றில் சோவியத் ஒன்றியம். நடுவில் மாட்டிக்கொண்ட சிறிய நாடுகள் எப்படிப் பிழைத்தன என்று மாணவர் கேட்க அந்தப் படத்தில் இடமில்லை. அதனால்தான் இன்று பின்லாந்தை எடுத்துக்கொண்டேன்.

மக்கள்தொகை இன்றும் ஏறத்தாழ 56 லட்சம்தான்; நம் சென்னை மாநகராட்சியைவிடக் குறைவு. ரஷ்யாவுடன் எல்லையோ சுமார் 1,340 கி.மீ. 1939 நவம்பரில் சோவியத் படை நுழைந்தது. 105 நாள் போர். நாடு பணியவில்லை, ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் கரேலியாவின் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வந்தார்கள்.

போருக்குப் பின், 1948இல், அதே சோவியத்துடன் நட்பு ஒப்பந்தம். ராணுவக் கூட்டணி எதிலும் சேரவில்லை. தேர்தலும் நாடாளுமன்றமும் தொடர்ந்தன. 'நல்ல சாமர்த்தியம்' என்று பாடத்தை அங்கே முடித்துவிடாதீர்கள். அதற்கு ஒரு விலை இருந்தது. அண்டை நாடு முகம் சுளிக்குமே என்று பத்திரிகைகள் தாமாகவே வாயை மூடிக்கொண்டன. சோல்செனித்சினின் 'குலாக்' நூலின் முதல் பாகம் 1974இல் பின்னிய மொழியில் வந்தது; வெளியிட்டது சுவீடனில்! அதற்கு முந்தைய ஆண்டு, அதிபர் கெக்கோனனின் பதவிக்காலத்தைத் தேர்தல் இல்லாமலே நான்காண்டு நீட்டிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. மேற்கு ஐரோப்பாவோடு வணிக ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் மாஸ்கோவின் நம்பிக்கை குலையக்கூடாது என்பது காரணம். எல்லாம் சட்டப்படிதான். மக்களாட்சியைக் காக்க மக்களாட்சியையே கொஞ்சம் வளைக்கலாமா? என் கருத்து, அது ஆபத்தான வளைவு. மாணவர்கள் வேறுவிதமாகவும் வாதிடட்டும்.

உக்ரைன் போர் வந்த பிறகு கணக்கு மாறியது. 2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. அதற்காக, அதுவரை சும்மா இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். ஆண்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி எப்போதும் உண்டு. 50,000க்கும் மேற்பட்ட பாதுகாப்பு அறைகளில் சுமார் 48 லட்சம் பேர் தங்கலாம். ஹெல்சிங்கியில் பாறைக்கடியில் உள்ள ஒரு நீச்சல்குளம்கூடத் தேவைப்பட்டால் பதுங்கிடமாகும். நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று: 2016இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய பாடத்திட்டத்தில், செய்தி, படம், விளம்பரம் எதையும் 'யார் சொல்கிறார், எதற்காக' என்று கேட்டு வாசிக்கும் திறன் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானது. கணக்கு ஆசிரியருக்கும் அதில் பங்குண்டு.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "நட்பு ஒப்பந்தம் போட்ட பிறகும் எதுக்கு சார் பதுங்குற அறை கட்டினாங்க?"

அந்தப் பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்று.