சாலைச் சோதனையும் நடுவுநிலைமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது வீதியைப் பற்றிய பொருள். வண்டி ஓட்டிச் செல்லும் இளைஞர்களைப் போலீஸார் நிறுத்திச் சோதிப்பது நியாயமா என்பதே அது. இதிலும் இலக்கியத்துக்கு இடம் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு தங்கவயலின் பிழைப்பு மரிக்குப்பம்–பங்காருப்பேட்டை இருப்புப் பாதையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. பொழுது புலர்வதற்கு முன்பே நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் ஏறி ஊரகம், சாம்பியன், மரிக்குப்பம் நிலையங்களுக்கு விரைந்து, பெங்களூர் வண்டியைப் பிடிக்கிறார்கள். அவ்வேளையில் வழியில் ஒரு கை நீண்டு நிறுத்தினால், பத்து நிமிடம் போகும். பத்து நிமிடம் போனால் வண்டி போகும். வண்டி போனால் அன்றைய கூலியும் போகும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத அபராதம் இது. குற்றம் செய்தவனும் இதைக் கட்டுகிறான். எல்லாத் தாள்களையும் சரியாக வைத்திருப்பவனும் இதைக் கட்டுகிறான். ஆகவே இது சிறிய செய்தி அன்று.

நிறுத்திச் சோதிக்கப்படுவது நம் மண்ணுக்குப் புதிதும் அன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர், ஊரகம், பாலகாட் சுரங்கங்களில் இறங்கிய நம் முன்னோர், வேலை முடிந்து மேலே வந்ததும் தங்கம் ஒளித்திருக்கிறார்களோ என்று சோதிக்கப்பட்டார்கள். 1930-ஆம் ஆண்டில் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது, அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக மட்டும் போராடியவர்கள் அல்லர் அவர்கள். தங்களைத் திருடர் வரிசையில் வைத்துப் பார்க்கும் பார்வையையும் எதிர்த்தார்கள். அந்தப் பாட்டன்மாரின் பேரன்மாரே இன்று சாலையில் நிறுத்தப்படுகிறார்கள்.

இனி, போலீஸார் பக்கத்து நியாயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். இத்தனை பிணங்களை எண்ணுகின்ற காவலர், வேகமாக வரும் இளைஞனைப் பார்த்ததும் கையை நீட்டினால், அது முழுவதும் பகையால் நீண்ட கை என்று கூறிவிட முடியாது.

ஆனால் இளமை வேறு, குற்றம் வேறு. தலைக்கவசம் இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறது; மூன்று பேர் ஏறி வருவதும், சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் தெரிகின்றன. அவற்றுக்காக நிறுத்தினால் பதினெட்டு வயதுக்கும் எண்பது வயதுக்கும் ஒரே நீதி. ஒரு பிழையும் தெரியாதபோது, மீசை அரும்பிய முகத்தையும் சாயம் பூசிய முடியையும் அயல் மாநில எண் பலகையையும் பார்த்து நிறுத்தினால், அங்கே சோதிக்கப்படுவது வண்டி அன்று; ஆள்.

நம் கர்நாடகக் காவல் துறையே இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022 ஜூன் மாதம் அப்போதைய காவல் துறைத் தலைவர் பிரவீண் சூத் அவர்கள், கண்ணுக்குத் தெரியும் விதிமீறல் இல்லாவிட்டால் ஆவணங்களைப் பார்ப்பதற்காக மட்டும் எந்த வண்டியையும் நிறுத்தக் கூடாது என்று அறிவித்தார். குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கும் சோதனைக்கு மட்டுமே விலக்கு அளித்தார். மேலிடத்தில் பிறந்த அறிவிப்பு கடைசி முச்சந்தி வரை நடந்து வர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நான் ரயில்வேயில் பணியாற்றுபவன் ஆதலால், என் தொழிலை ஒட்டியே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். டிக்கட் பரிசோதகர் பெட்டியில் ஏறுகிறார். முதல் இருக்கையிலிருந்து கடைசி இருக்கை வரை எல்லாரிடமும் டிக்கட் கேட்கிறார். எவருக்கும் மனம் வருந்துவதில்லை. அவரே வேட்டி கட்டிய பெரியவரை விட்டு, கோட்டு அணிந்தவரை விட்டு, மூலையில் நிற்கும் மூன்று இளைஞர்களை மட்டும் கேட்டால் என்ன ஆகும்? அவர்களிடம் டிக்கட் இருந்தாலும் முகம் சுருங்கிவிடும். டிக்கட்டைக் கேட்டது தவறு அன்று. அவர்களை மட்டும் கேட்டதே தவறு. அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றமும் 1979-இல் டெலவேர் மாநில வழக்கொன்றில் ஏறத்தாழ இதே நெறியைக் கூறிற்று. சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் ஒரு வண்டியை மட்டும் காவலர் தம் மனம்போல் நிறுத்தி லைசென்சு கேட்பது செல்லாது. வருகிற வண்டிகள் அனைத்தையும் நிறுத்திக் கேட்பது வேறு செய்தி என்றது.

முகம் பார்த்து நிறுத்துகிறார்கள் என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நிகழ்ந்த ஏறக்குறைய பத்துக் கோடிச் சோதனைகளின் பதிவுகளைத் திரட்டி, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட முறை எளியது. ஒரே மணி வேளை ஒரு பருவத்தில் வெளிச்சமாகவும் மற்றொரு பருவத்தில் இருட்டாகவும் இருக்கிறது அல்லவா? இருட்டில் ஓட்டுநரின் நிறம் காவலருக்குத் தெரியாது. இருட்டிய பின் நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பர்களின் பங்கு குறைந்தது. பகல் வெளிச்சம் சாலையைக் காட்டியதோடு நிற்கவில்லை. நிறத்தையும் காட்டிக் கொடுத்தது.

அதே நாட்டில் நியூ ஜெர்சி மாநிலம் 2010-இல் இன்னொரு வழியை மேற்கொண்டது. 21 வயதுக்கு உட்பட்ட புதிய ஓட்டுநர்கள் எண் பலகையில் சிவப்புப் பட்டை ஒட்ட வேண்டும் என்று விதித்தது. பெற்றோர் வழக்காடினர், 2012-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நோக்கம் உயிர் காப்பதே. ஆயினும் வயதை நெற்றியில் எழுதி ஒட்டுவதைக் கைரேகைக்கு எதிராக நின்ற ஊர் எளிதில் ஏற்காது என்றே எண்ணுகிறேன்.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். கோவலன் ஏன் மாண்டான்? அவன் மதுரைக்குப் புதியவன், கையில் விலை மிகுந்த சிலம்பு வைத்திருந்தான், பொற்கொல்லன் சுட்டினான். கேட்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே வாள் விழுந்தது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த தமிழர் அனைவரும் நினைவில் வைக்க வேண்டிய கதை அது. வள்ளுவரும் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும், குடிகள் அஞ்சும்படி ஆளாமைக்கு 'வெருவந்த செய்யாமை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார்.

விசாரணைக்கு முன்பே கை ஓங்கியதன் விளைவை நம் காலத்திலும் கண்டோம். 2018 மார்ச் 7 இரவு, திருச்சி அருகே தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியை ஓர் இன்ஸ்பெக்டர் துரத்திச் சென்று வண்டியை உதைத்தார். கீழே விழுந்த மனைவி இறந்தார். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். 2025 மே 26 அன்று நம் மாநிலத்து மண்டியாவில், நாய் கடித்த மூன்று வயதுக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற வண்டியைப் போலீஸார் வழிமறித்தபோது, வண்டி சாய்ந்து குழந்தை சக்கரத்துக்கு இரையாயிற்று. மூன்று உதவி சப்-இன்ஸ்பெக்டர்கள் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்யப்பட்டனர். உயிரைக் காக்க வந்த விதி உயிரைப் பறித்தால் அந்த விதியினால் பயன் யாது?

இளைஞர்களே! உங்கள் கடமையையும் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆம் பிரிவின்படி, சீருடையில் உள்ள காவலர் கேட்டால் லைசென்சைக் காட்டியே ஆக வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் டிஜிலாக்கர் போன்ற அரசுச் செயலிகளில் உள்ள ஆவணமே போதும். லைசென்சைக் காவலர் எடுத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும் என்பது 206-ஆம் பிரிவு. அதைப் பணிவாகக் கேட்டுப் பெறுங்கள். ஆனால் நிற்காமல் ஓடாதீர்கள். ஓடுபவன் தன் பக்கத்து நியாயத்தையும் சாலையிலேயே விட்டுவிட்டு ஓடுகிறான்.

பெற்றோர்களே! 2019-இல் திருத்திய சட்டம், வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது. அன்பினால் கொடுக்கும் சாவி அவன் எதிர்காலத்தைப் பூட்டிவிடக் கூடும்.

இறுதியாக நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு லைசென்சு பெறுவதற்கு விண்ணப்பம் நிரப்பித் தர ஆண்டுதோறும் ஒரு நாள் ஒதுக்குவோம். இரண்டு, தலைக்கவசம் வாங்க இயலாத வீடுகளுக்கு நன்கொடை திரட்டி வழங்குவோம். மூன்று, நம் பெரியோர்கள் ஒரு தூதுக்குழுவாகக் காவல் துறை அதிகாரிகளைக் கண்டு, விடியற்காலை ரயில் நேரத்தில் விதிமீறல் தெரிந்தால் மட்டும் நிறுத்துமாறும், காரணத்தைச் சொல்லுமாறும், அபராதத்துக்கு ரசீது தருமாறும், சாவியைப் பறிக்காதிருக்குமாறும் வேண்டுவோம். முதல் இரண்டையும் நாம் செய்து முடித்துவிட்டால், மூன்றாவதைக் கேட்கும்போது நம் குரலுக்கு வலிமை இருக்கும்.