உருக்காலை தந்த உயிர்மூச்சு

தோழர்களே, 2021 ஏப்ரலில் நாடெங்கும் ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, 7 காலி டேங்கர்களை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்தின் களம்போலியிலிருந்து புறப்பட்ட முதல் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் எங்கே வந்தது? பொதுத்துறையான விசாகப்பட்டினம் உருக்காலைக்கு! ரயிலைப் படம் பிடித்தார்கள். டேங்கரை நிரப்பிய தொழிலாளியை யார் பார்த்தார்கள்?

காற்றை அழுத்திக் குளிர்வித்து, மைனஸ் 183 டிகிரியில் ஆக்சிஜனைத் திரவமாகப் பிரித்தெடுக்கும் பணி அது. மேலே தெறித்தால் தோல் வெந்ததுபோல் கருகும். கசிந்த இடத்தில் ஒரு தீப்பொறி போதும். வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய வேலையல்ல. நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் இரவுபகலாக ஷிப்டுகளில் நின்றார்கள். சக ஊழியர்களைத் தொற்றுக்குப் பறிகொடுத்தபடியே நின்றார்கள்.

அந்த ஆலையை 100 சதவீதம் தனியாருக்கு விற்க மத்திய அமைச்சரவைக் குழு கொள்கையளவில் ஒப்புதல் அளித்ததோ அதே ஆண்டு ஜனவரி 27 அன்று. வெளியே கூர்மன்னபாலெத்தில் தொடர் உண்ணாவிரதம், உள்ளே உற்பத்தி. போராடும் தொழிலாளிக்குப் பொறுப்பில்லை என்று தலையங்கம் தீட்டும் ஏடுகளின் கண்ணில் இது படவில்லை போலும்.

குஜராத்தில் நடந்ததென்ன? 2020 ஏப்ரலில் வேலைநாளை 12 மணி நேரமாக்கி, மிகைநேரத்துக்கான இரட்டிப்பு ஊதியத்தையும் பறித்தது மாநில அரசு. அக்டோபர் 1 அன்று உச்சநீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்து செய்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் பணியாற்றி இறந்த ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு, நிரந்தரத் தொழிலாளிக்குச் சமமான இழப்பீடு வேண்டும். இக்கோரிக்கையோடு ஒவ்வொரு ஆலைவாயிலுக்கும் நமது கிளைகள் செல்ல வேண்டும்.