கூலிக் கணக்கும் கிறிஸ்துவின் வருகையும்

(ஆயக்குடியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தோத்திரம் சொல்றவங்களுக்குத் தோத்திரம். ஜெய்பீம் சொல்றவங்களுக்கு ஜெய்பீம். சாமியே வேண்டாம்னு சொல்றவங்களும் முன்வரிசையில உக்காந்திருக்கீங்க, உங்களுக்கு வணக்கம். ‘விடுதலை பேசுற கூட்டத்துல இயேசுவோட இரண்டாம் வருகையப் பத்தி என்ன பேச்சு?’ன்னு நீங்க நினைக்கலாம். காரணம் இருக்கு.

போன கொய்யா சீசன்ல ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தச் சபைங்கறது வேண்டாம். விடியறதுக்கு முன்னாடியே தோட்டத்துக்குப் போய்ப் பழம் பறிக்கிற பொம்பளைங்க, ‘கூலிய ஒசத்திக் கேக்கப் போறோம், ஜெபம் பண்ணுங்க அய்யா’ன்னு போதகர்கிட்டச் சொன்னாங்க. அவர் சொன்னார்: ‘இயேசு சீக்கிரம் வரப்போறார். மேகத்துல போகப்போற நமக்கு எதுக்கும்மா மண்ணுல கூலிச் சண்டை?’ ஆமென்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு வயசான அத்தை மட்டும் சொல்லல. வெளிய வந்ததும் என் கையப் பிடிச்சுக் கேட்டாங்க: ‘ஏப்பா, மேகத்துலயாவது ஒண்ணா நிக்க விடுவாங்களா? இல்ல அங்கயும் காலனி தனியா?’

அந்த அத்தையின் கேள்விக்குப் பதில் தேடித்தான் வேதத்தை எடுத்தேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதல் விஷயம், நாள் குறிப்பது. எந்த நாள், எந்த நாழிகை என்பது தனக்கே தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று மத்தேயு 24-லும் மாற்கு 13-லும் இயேசு சொல்கிறார். அவருக்கே தெரியாத கணக்கை நம்ம ஆட்கள் போடுகிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவர் தானியேல் புத்தகத்தை வைத்துக் கூட்டிக் கழித்தார். 1844 அக்டோபர் 22 என்று நாள் முடிவானது. நம்பிய விவசாயிகள் சிலர் உருளைக்கிழங்கைக்கூடத் தோண்டாமல் விட்டார்கள். மறுநாள் வழக்கம்போல் சூரியன் உதித்தது. பக்கத்துத் திருவிதாங்கூரிலும் இது நடந்தது. பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் ஜோசப், 1875 வாக்கில், இன்னும் அய்ந்தரை வருசத்தில், 1881-ல் கிறிஸ்து வருவார் என்ற தீர்க்கதரிசனத்தைப் பரப்பினார். 1881-ம் வந்தது, போனது. அதற்குப் பிறகு அவர் ‘யுயோமயம்’ என்ற தனிச் சபையாகப் போனார்.

இது இன்றைக்குப் பிறந்த நோயல்ல. பவுல் காலத்திலேயே தெசலோனிக்கேயில் வருகை வந்துவிட்டது என்று சிலர் கலங்கிப் போனார்கள். நாள் குறித்துக் காத்திருந்தவன் ஏமாந்தான். ஆனால், காத்திருக்கச் சொல்லிவிட்டு அதற்குள் நிலத்தைச் சேர்த்தவன் ஏமாறவே இல்லை.

இரண்டாவது, ‘இரகசிய வருகை’. கன்வென்ஷனில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். திடீரென்று பாதிப் பேர் காணாமல் போவார்கள், மீதிப் பேர் அந்திக்கிறிஸ்துவிடம் மாட்டிக்கொள்வார்கள். இந்த வரைபடம் ஆதிச்சபையிலிருந்து வந்ததல்ல. 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்பவர் பரப்பி, 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாக உலகமெல்லாம் போனது. நம்ம காலனி ஜெபவீடு வரைக்கும் வந்துவிட்டது.

இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் 1 தெசலோனிக்கேயர் 4. மேகத்தில் ஆண்டவரை எதிர்கொள்வோம் என்று பவுல் அங்கே எழுதுகிறார். ‘எதிர்கொள்ளுதல்’ என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள அதே சொல் வேறு இடங்களிலும் வருகிறது. மத்தேயு 25-ல் பத்துக் கன்னிகைகள் மணவாளனை எதிர்கொள்ளப் போகிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 28-ல் ரோமாபுரிச் சகோதரர்கள் பவுலை எதிர்கொண்டு வருகிறார்கள். ரெண்டு இடத்திலும் போனவர்கள் அப்படியே வேறெங்கோ போய்விடவில்லை. வந்தவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். நம்ம கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு எப்படி? ஊர் எல்லையில் போய் மாலை போட்டு, மேளத்தோடு உள்ளே கூட்டி வருகிறோம். மாப்பிள்ளையோடு நாம் ஓடிப்போய்விடுவதில்லை.

ஆக, வருகை என்பது பூமியைவிட்டுத் தப்பிப்பது இல்லை. அவர் இங்கே வருகிறார். வெளிப்படுத்தின விசேஷம் 21-ஐப் பாருங்கள். மனுசர் மேலே ஏறவில்லை, நகரம்தான் கீழே இறங்குகிறது. அந்த நகரத்துக்குப் பன்னிரண்டு வாசல். ஒன்றும் பூட்டப்படுவதில்லை. ஊர்த்தெரு வழியாக நம்ம மாப்பிள்ளை ஊர்வலம் போகக் கூடாது, செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிற நாட்டில், பூட்டாத வாசல் என்பது சின்ன விஷயமா? அத்தைக்கு முதல் பதில் அங்கே இருக்கிறது. அந்த நகரத்துக்குச் சேரி கிடையாது.

மூன்றாவது, வருகிறவர் என்ன கேட்பார்? மத்தேயு 25-ல் மனுசகுமாரன் சிங்காசனத்தில் உட்கார்ந்து சனங்களைப் பிரிக்கிறார். எத்தனை தரம் உபவாசம் இருந்தாய், எவ்வளவு காணிக்கை போட்டாய் என்ற கேள்வியே அங்கே இல்லை. பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணி, அந்நியனுக்கு இடம், துணியில்லாதவனுக்குத் துணி, நோயாளியையும் சிறையில் இருப்பவனையும் போய்ப் பார்த்தாயா என்பதுதான் விசாரணை. தண்ணி என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தனிக் குவளையில் ஊற்றியதைத் தண்ணி கொடுத்த கணக்கில் எழுதுவார்களா?

அடுத்தது யாக்கோபு நிருபம், அய்ந்தாம் அதிகாரம். இதை எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படிக்கணும், படிக்கத் தெரிஞ்ச பிள்ளைகள விட்டுப் படிக்கச் சொல்லணும். நாலாம் வசனத்தில் வயலை அறுத்த கூலியாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூப்பாடு போடுகிறது. சத்தம் போடுவது ஆள் இல்லை, கூலியே சத்தம் போடுகிறது. அது தேவனுடைய காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்கிறார். கொஞ்சம் தள்ளி ஏழு, எட்டாம் வசனங்களில்தான் ஆண்டவருடைய வருகை சமீபம் என்று வருகிறது. கூலித் திருட்டும் வருகையும் ஒரே பக்கத்தில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கின்றன. பிரசங்கத்தில் எட்டாம் வசனத்தைப் படிக்கிறவர்கள் நாலாம் வசனத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள்? காணிக்கை யாரிடமிருந்து வருகிறது என்று பார்த்தால் விடை தெரியும். பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24-லேயே இருக்கிற சட்டம். யாக்கோபு புதிதாக எதையும் சொல்லவில்லை. கட்டாத பாக்கிக்குக் கணக்குப் பார்க்க ஒருவர் வருகிறார் என்று நோட்டீஸ் கொடுக்கிறார்.

‘அதே இடத்துல பொறுமையா இருன்னுதானே சொல்லியிருக்கு?’ன்னு கேப்பாங்க. சொல்லியிருக்கு. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிற விவசாயியை உதாரணம் காட்டுகிறார். மழைக்குக் காத்திருக்கிற விவசாயி சும்மாவா உட்கார்ந்திருக்கிறான்? உழுகிறான், விதைக்கிறான், வரப்பை வெட்டுகிறான். பொறுமைக்கு யாக்கோபு சொல்லும் இன்னொரு உதாரணம் யோபு. யோபு வாயை மூடிக்கொண்டு இருந்தவரா? புத்தகம் முழுக்க நியாயம் கேட்டு தேவனோடேயே வழக்காடியவர். வேதம் சொல்கிற பொறுமை அது. பண்ணையாருக்குப் பிடித்த பொறுமை வேறு.

நாலாவது, நம்ம சபைகள். ஒவ்வொரு தரம் இராப்போஜனம் எடுக்கும்போதும், அவர் வருமளவும் அவருடைய மரணத்தை அறிவிக்கிறோம் என்பது பவுலின் போதனை, 1 கொரிந்தியர் 11. ஏன் அதை எழுத வேண்டி வந்தது? கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முதலில் வந்து வயிறுமுட்டத் தின்று குடித்துவிட்டார்கள். வேலை முடிந்து தாமதமாக வந்த அடிமைகளும் கூலிகளும் பட்டினி கிடந்தார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் கண்டித்தார். வருகைக்குக் காத்திருக்கிறேன் என்கிறவன் முதலில் பக்கத்தில் இருப்பவனுக்காகக் காத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் 1872-ல் கட்டப்பட்டபோது, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு கூடமாகக் கட்டினார்கள். வேளாளர் ஒருபக்கம், நாடார் முதலான மற்றவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் தடுப்பு. 1910-ல் பங்குக் குருவே அந்தத் தடுப்பை இடித்தார். வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள், உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் பிணங்களைப் பிரித்து வைக்கச் சுவர் எழுப்பியதும், அதை எதிர்த்து நம்மவர்கள் போராடியதும் எல்லாருக்கும் தெரியும். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்குக் கலவரம் வெடித்தது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் எதிர்த்தரப்பு வன்னியக் கிறிஸ்தவர்கள். அந்த உயிர்களும் சாதிக்குத்தான் பலி.

கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 4 சொல்கிறது. எக்காளம் ஊதும்போது அந்தக் கல்லறைக்கு நடுவில் சுவர் இருந்தால் எப்படி? தேவதூதன் ரெண்டு தரம் ஊதுவானா? கல்லறையில் சுவர் கட்டுகிறவன் உயிர்த்தெழுதலை நம்பவில்லை. நம்பியிருந்தால் வெட்கத்திலேயே கட்டியிருக்க மாட்டான்.

நம்ம மக்களிலிருந்தே இதைக் கேட்ட ஒருவர் இருந்தார். பொய்கையில் அப்பச்சன், 1879-ல் திருவிதாங்கூரில் அடிமைப் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். மார்தோமா சபை, பிரதரன் சபை என்று போய்ப் பார்த்தார். எல்லா இடத்திலும் சாதி இருந்தது. வெளியே வந்து ‘பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபை’யைக் கட்டினார். பிரத்யக்ஷ ரக்ஷை என்றால் கண்ணுக்கு முன்னால் தெரிகிற இரட்சிப்பு. செத்த பிறகு அல்ல, இங்கே, இப்போது. பள்ளிக்கூடம் கட்டினார். ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு 1921-லும் 1931-லும் உறுப்பினராகப் போய் நம்ம சனத்துக்காகப் பேசினார். நீங்க எல்லாரும் சபையை விட்டு வெளியே வாங்கன்னு நான் சொல்ல வரல. உள்ள இருக்கறவங்க உள்ள இருந்து கேளுங்க. வெளிய இருக்கறவங்க வெளிய இருந்து கேளுங்க. கேக்காம மட்டும் இருக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. இயேசு மேலே எடுத்துக்கொள்ளப்பட்டதும் சீஷர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெள்ளுடை உடுத்த ரெண்டு பேர் வந்து, வானத்தைப் பார்த்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். அப்போஸ்தலர் முதல் அதிகாரம். அவர்கள் எருசலேமுக்குத் திரும்பிப் போனார்கள். அப்புறம் என்ன செய்தார்கள்? ரெண்டாம் அதிகாரத்திலும் நாலாம் அதிகாரத்திலும் இருக்கிறது. நிலமும் வீடும் உள்ளவர்கள் விற்றார்கள், பொதுவில் வைத்தார்கள், தேவைக்குத் தக்கபடி பங்கிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் குறைச்சல் இல்லை. வருகைக்குக் காத்திருந்த முதல் கூட்டம் செய்த முதல் வேலை அதுதான்.

அதனால அந்த அத்தைகிட்டத் திரும்பப் போய்ச் சொன்னேன்: ‘அத்தை, மேகத்துல ஒண்ணா நிக்கறத அவர் பாத்துக்குவார். தோட்டத்து வாசல்ல ஒண்ணா நிக்கறத நாமதான் பாக்கணும். திங்கக்கிழமை கூலி கேக்கப் போறப்ப நானும் வர்றேன்.’

அத்தை சிரிச்சாங்க. ‘அப்ப யாக்கோபு நாலாம் வசனத்தக் குறிச்சு வச்சுக்கிட்டு வா. போதகர் வந்தா அவரையே படிக்கச் சொல்லுவோம்’னாங்க.

திங்கக்கிழமை காலையில எல்லாரும் வாங்க.