தீயணைப்போர் தட்டும் கதவு

(தீயணைப்புப் பணி வாரத்தையொட்டி, அரசு அலுவலர்களும் சமூகப் பணி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



1944 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டைகின்’ என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி வெடித்தது. வெடிமருந்தும் பருத்திப் பொதிகளும் அந்த ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. தீயை அணைக்கச் சென்ற படையினர் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரத்தை நாடெங்கும் கடைப்பிடிக்கிறோம்.

இவ்வாரத்தில் வீரத்தைப் போற்றுவது நம் கடமை. அதனோடு ஒரு கேள்வியையும் எழுப்பிப் பார்க்க விரும்புகிறேன். தீயணைப்பாளரின் பணி, மணி ஒலித்த பிறகுதான் தொடங்க வேண்டுமா? தீ எழுவதற்கு முன்பே அவர் ஒரு வீட்டிற்குச் சென்று, அங்கு வாழும் முதியவரின் உடல்நலத்தையும் தனிமையையும் விசாரித்து வரலாமா? பிரிட்டன் இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாகச் செயல்வழி விடை தேடி வருகிறது. அங்குக் கிடைத்த வெற்றியும் எழுந்த தகராறும் நமக்குப் பாடமாகத்தக்கவை.

தீ குறைந்த நாடு

1947 ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிகள் சட்டம், பிரிட்டனின் தீயணைப்புப் படைகளை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. அணைப்பதே அப்படைகளின் முதற்கடமையாகக் கருதப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அங்கு ஆண்டுதோறும் ஆயிரம் பேரை ஒட்டித் தீயினால் இறந்து வந்தனர். 2010களில் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை நானூறுக்கும் கீழே இறங்கியது.

இந்த மாற்றம் நீர்க்குழாயின் வலிமையால் மட்டும் வந்ததன்று. மெத்தை, நாற்காலி போன்றவை எளிதில் தீப்பற்றாத பொருள்களால் செய்யப்பட வேண்டுமென 1988 இல் விதி வந்தது. புகை எச்சரிக்கைக் கருவி வீடுதோறும் பரவியது. புகைபிடிக்கும் பழக்கம் குறைந்தது. மெர்சிசைடு போன்ற வட்டாரங்களில் தீயணைப்புப் படையினர் வீடு வீடாகச் சென்று, எச்சரிக்கைக் கருவியை இலவசமாகப் பொருத்தி, அறிவுரையும் கூறி வந்தனர். 2004 ஆம் ஆண்டின் சட்டம், தீப்பாதுகாப்பை மக்களிடையே பரப்புவதைப் படையின் சட்டப்படியான கடமையாகவே ஆக்கியது.

இதன் விளைவாக நிருவாகத்தில் ஒரு புதிய நிலைமை தோன்றியது. 2013 இல் சர் கென் நைட் என்பார் இங்கிலாந்து அரசுக்கு அளித்த அறிக்கை, பத்தாண்டுகளில் படையினர் விரைந்து செல்ல நேர்ந்த நிகழ்ச்சிகள் 40 விழுக்காடு குறைந்துவிட்டன என்றும், செலவும் ஆள் எண்ணிக்கையும் ஏறக்குறைய அப்படியே உள்ளன என்றும் சுட்டிக்காட்டியது. செலவைக் குறைப்பதா, ஓய்ந்திருக்கும் நேரத்தை வேறொரு நற்பணிக்குத் திருப்புவதா என்ற விவாதம் எழுந்தது.

இறப்பவர் யார்?

வீட்டுத் தீயில் இறந்தோரைப் பற்றிய விசாரணைகள் ஓர் உண்மையை மீண்டும் மீண்டும் காட்டின. இறந்தோரில் பலர் முதியவர்கள், தனித்து வாழ்ந்தவர்கள், நடமாட இயலாதவர்கள், மறதி நோயுற்றவர்கள், மதுவுக்கோ புகைக்கோ அடிமைப்பட்டவர்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் பயனில்லை. எழுந்து வெளியேற அவரால் இயலாது. தோல் வறட்சிக்குப் பூசும் களிம்பு போர்வையிலும் உடையிலும் ஊறிவிட்டால், சிறு பொறியும் பெருந்தீயாகிவிடும். இதுபற்றி 2018 இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரிவான எச்சரிக்கை விடுத்தது.

ஆகவே, தீயால் நேரும் மரணத்தின் காரணங்கள் பெரும்பாலும் தீப்பொறிக்கு நெடுநாள் முன்பே அந்த வீட்டில் குடிபுகுந்துவிடுகின்றன. அதே முதியவர்தான் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக்குச் செல்கிறார். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க வழியின்றி நோயுறுபவரும் அவரே. தீயணைப்புத் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே மனிதரை இரண்டு பதிவேடுகளில் எழுதி வந்தன என்பதை இரு துறைகளும் காலந்தாழ்த்தியே உணர்ந்தன.

ஒரு மணி நேர வருகை

2015 அக்டோபரில் தேசிய சுகாதாரப் பணித்துறை, பொதுச் சுகாதார அமைப்பு, உள்ளாட்சிகளின் சங்கம், தலைமைத் தீயணைப்பு அலுவலர்களின் சங்கம், முதியோர் நலனுக்கான ‘ஏஜ் யுகே’ தொண்டு நிறுவனம் ஆகியவை இங்கிலாந்தில் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. அப்போது படையினர் ஆண்டுக்கு ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தீப்பாதுகாப்புக்காகச் சென்று வந்தனர். அந்த வருகையை விரிவாக்கி, உடல்நலமும் சமூக நலமும் சேர்ந்த வருகையாக ஆக்குவதே நோக்கம். ‘பாதுகாப்பும் நலமும்’ என்பது அதற்கு வைத்த பெயர். 65 வயதைக் கடந்தோரின் பெயரும் முகவரியும் சுகாதாரத் துறையிடமிருந்து தீயணைப்புத் துறைக்குக் கிடைக்கவும் அவ்வாண்டில் வழி செய்யப்பட்டது. யார் வீட்டுக்கு முதலில் செல்வது என்பதை ஊகத்தால் அல்லாமல் பட்டியலால் முடிவு செய்ய இயன்றது.

வருகையின்போது படையினர் செய்வன எளியவை. எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பர். மின்கம்பியையும் அடுப்பையும் சோதிப்பர். பின்னர், அண்மையில் விழுந்ததுண்டா, தரைவிரிப்பு காலைத் தடுக்கிறதா, மருந்துகளை ஒழுங்காக உட்கொள்கிறாரா, புகையை விட விருப்பமுண்டா, கடைசியாக யாருடன் பேசினார் என்று கேட்பர். மருத்துவம் செய்வது அவர்கள் வேலையன்று. தேவை இன்னதென்று கண்டு, உரிய அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே அவர்களின் பங்கு.

இப்பணிக்குத் தீயணைப்பாளரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சீருடை அணிந்த பலரைக் கண்டு மக்கள் கதவைச் சாத்திக்கொள்வதுண்டு. வரி கேட்பவர், வழக்குப் போடுபவர், உதவித்தொகையைச் சரிபார்ப்பவர் வந்தால் அச்சம் பிறக்கிறது. தீயணைப்பாளர் எதையும் பறிக்க வருபவர் அல்லர் என்பதை எல்லா மக்களும் அறிவர். இந்த நம்பிக்கை பல தலைமுறைகளாகச் சேர்ந்த பொதுச் சொத்து. அதைச் செலவிடும்போது கருத்துடன் செலவிட வேண்டும்.

தொழிலாளர் எழுப்பிய கேள்வி

வீட்டு வருகையோடு மற்றொரு பணியும் சோதனை முறையில் 2015 இல் விரிவுபடுத்தப்பட்டது. இதயத் துடிப்பு நின்றவருக்கு ஆம்புலன்ஸ் வருமுன் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தார் விரைந்து சென்று முதலுதவி அளிப்பது அது. வேலையளிப்போரும் தீயணைப்புப் படையினர் சங்கமும் பேசி ஒப்புக்கொண்ட சோதனையே இது. ஆயினும் ஊதியம் பற்றிய பேச்சு முறிந்ததால், 2017 செப்டம்பரில் சங்கம் இதிலிருந்து விலகிக்கொண்டது. 2018 இல் ஸ்காட்லாந்தில், விரிந்த பணிகளுக்கு ஈடாக ஊதிய உயர்வு தருவதாகக் கூறியதையும் படையினர் பெரும்பான்மை வாக்கால் மறுத்தனர்.

இதைப் பேராசை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. 2010 முதல் பல ஆண்டுகள் இங்கிலாந்தில் தீயணைப்புத் துறைக்கான அரசு நிதி குறைக்கப்பட்டு வந்தது. படையினரின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. ஆளைக் குறைத்துக்கொண்டே வேலையைக் கூட்டும்போது, புதிய பணி தொண்டாகத் தோன்றாமல் சுமையாகத் தோன்றுவது இயல்பு. மேலும், 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் அடுக்ககத் தீயில் 72 பேர் மாண்டபோது, கட்டடங்களைச் சோதித்துப் பாதுகாக்கும் அடிப்படைப் பணிக்குப் போதிய ஆளும் பயிற்சியும் உள்ளனவா என்ற கேள்வி நாட்டை உலுக்கியது. புதுக்கடமை பழைய கடமையை மெலியச் செய்யலாகாது என்ற எச்சரிக்கைக்கு அதனால் கூடுதல் வலுக் கிடைத்தது.

எனினும் படையினருக்கு மனமில்லை என்று எவரும் கூற முடியாது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, சங்கமும் தலைமை அலுவலர்களும் வேலையளிப்போரும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஆம்புலன்ஸ் ஓட்டவும், முதியோருக்கு உணவும் மருந்தும் கொண்டு சேர்க்கவும் படையினர் முன்வந்தனர். கலந்து பேசி, பணியின் எல்லையையும் படையினரின் பாதுகாப்பையும் வரையறுத்தால் அவர்கள் எத்துணை தூரம் வருவர் என்பதை அந்நாட்கள் மெய்ப்பித்தன.

வருகைக்குப் பின் வருவது

இத்திட்டத்தின் வலிமையும் வலுவின்மையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தீயணைப்பாளர் ஒரு முதியவரின் தேவையைக் கண்டு எழுதி அனுப்புகிறார். அந்தத் தாளைப் பெற்றுக்கொள்ள எதிர்முனையில் ஒருவர் இருக்கிறாரா? குளியலறையில் கைப்பிடி பொருத்த ஆள் உண்டா? பராமரிப்புப் பணியாளர் எத்தனை மாதங்களில் வருவார்? உள்ளாட்சிகளின் சமூகப் பராமரிப்புத் துறையே நிதியின்றி நலிந்திருந்தால், வருகை ஒரு புள்ளிவிவரமாக முடிந்துவிடும். அதைவிடத் தீங்கு, முதியவரின் உள்ளத்தில் எழுப்பிய எதிர்பார்ப்பு ஏமாற்றமாக மாறுவது. பின்னொரு நாள் அக்கதவு தீயணைப்பாளருக்கும் எளிதில் திறக்காது.

ஒரு துறையின் பற்றாக்குறையை மறைக்க வேறொரு துறையின் நற்பெயரைப் பயன்படுத்துவது திட்டமிடுதல் ஆகாது. வருகையின் மதிப்பு, அதைத் தொடர்ந்து வரும் சேவையின் மதிப்பே ஆகும்.

நமக்கு உரியது

நம் நாட்டின் நிலைமை வேறு. அங்குத் தீ குறைந்ததால் நேரம் மிஞ்சியது. இங்கு நிலையங்களுக்கும் வண்டிகளுக்கும் ஆட்களுக்கும் பற்றாக்குறை நீடிக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இல் தீ விபத்துகளில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கும் மேற்பட்ட மரணங்கள் குடியிருப்புகளில் நேர்ந்தவை. தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பு. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணைப்படி நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்று. படைகளை விரிவுபடுத்தி நவீனமாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டமொன்றை மத்திய அரசு 2023 இல் அறிவித்தது. இருக்கும் படையினரிடம் வீடுதோறும் நலம் விசாரிக்கும் பணியையும் இன்றே சுமத்துவது, பிரிட்டன் கற்ற பாடத்தைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

ஆனால் பிரிட்டனில் இல்லாத ஒரு செல்வம் நம்மிடம் உண்டு. வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர் படை நம் கிராமங்களில் ஏற்கெனவே இருக்கிறது. 2005 இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ‘ஆஷா’ பணியாளர்கள் இன்று நாடெங்கும் பத்து லட்சத்தை ஒட்டி உள்ளனர். தீயணைப்பாளரைச் சுகாதாரத்திற்கு அனுப்புவதைவிட, தீப்பாதுகாப்பைச் சுகாதாரப் பணியாளரின் வருகையில் சேர்ப்பதே நமக்கு எளிய வழி. எரிவாயு அடுப்பின் ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றினார்களா, மண்ணெண்ணெய் விளக்கு எங்கே வைக்கப்படுகிறது, படுத்த படுக்கையாய் உள்ளவரை ஆபத்தில் வெளியேற்றுவது யார் என்னும் மூன்று கேள்விகள் போதும். அக்கேள்விகளை வகுப்பதும், அவற்றைக் கேட்கப் பயிற்சி அளிப்பதும் தீயணைப்புத் துறையின் பொறுப்பாகலாம். இங்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஆஷா பணியாளர் ஊக்கத்தொகை பெறுபவரே அன்றி ஊதியம் பெறுபவர் அல்லர். கூடுதல் பணிக்குக் கூடுதல் தொகை இல்லையெனில், தீயணைப்புப் படையினர் சங்கம் எழுப்பிய அதே கேள்வியை நம் பெண்களும் எழுப்புவர். அது நியாயமாகவும் இருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு வழி திறக்கலாம். வீட்டுத் தீயையோ, கிணற்றில் விழுந்தவரையோ நாடிச் சென்ற படையினர், அங்குக் கண்ட தனித்த முதியவர், கைவிடப்பட்ட நோயாளி ஆகியோரைப் பற்றி ஒரே பக்கத்தில் குறிப்பெழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் முறையை வகுக்கலாம். முதியோருக்கான தேசிய உதவி எண்ணாகிய 14567 ஐ அவ்வீட்டில் எழுதிக் கொடுக்கலாம். இதற்குப் புதிய வண்டி வேண்டாம். புதிய பதவி வேண்டாம். பெற்றுக்கொள்ளும் அலுவலர் யார், எத்தனை நாட்களுக்குள் விடையளிப்பார் என்ற உத்தரவு ஒன்றே வேண்டும்.

இது நம்மால் இயலாத செயலன்று. 2020 ஊரடங்கின்போது கேரளத் தீயணைப்பு மீட்புப் படையினர், கடைக்குச் செல்ல இயலாத நோயாளிகளுக்கு உயிர்காக்கும் மருந்துகளை வீட்டில் கொண்டு சேர்த்தனர். அதற்கு முந்தைய ஆண்டு அம்மாநிலம் தன் தீயணைப்புத் துறையின்கீழ்க் குடிமைப் பாதுகாப்புத் தொண்டர் படையை உருவாக்கியிருந்தது. வீட்டுக்கே சென்று வலி தணிக்கும் மருத்துவமும் அங்கு உள்ளாட்சிகளின் துணையோடு வேரூன்றிய ஒன்று. செய்தியைப் பெற்றுக்கொள்ள ஆள் இருந்த இடத்தில் அதைக் கொண்டு சேர்ப்பவரின் உழைப்பு வீண்போவதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள். பிள்ளைகள் வேலை தேடி ஊர் பெயர்ந்ததால் தனித்து வாழ்வோர் அவர்களில் பெருகி வருகின்றனர். நீங்கள் நாளை மாவட்டங்களில் பொறுப்பேற்கும்போது, எந்தத் துறையின் ஊழியர் எந்தக் கதவைத் தட்டினாலும், அவர் கண்டு வந்த செய்தி எந்த மேசையில் வந்து சேர்கிறது என்பதை முதலில் கேளுங்கள். அந்த மேசை காலியாக இருந்தால், அதை நிரப்பிய பின்னரே ஊழியரை அனுப்புங்கள்.