நோய் நீங்கிய பின்



ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கரை திரும்பிய ஒரு காலைப் பொழுதில், மீன் விற்கும் தாய் ஒருவரைக் கண்டேன். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர். "நோய் போய்விட்டதென்று சொன்னார்கள், அம்மா, என் பழைய உடம்பு திரும்பவில்லையே!" என்றார். அச்சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நீங்கள் அறிவீர்கள். உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். உயிரைக் காப்பதே அன்றைய பெருங்கவலை. இன்று பலர் பிழைக்கின்றனர். ஆகவே, பிழைத்தவர் எவ்வாறு வாழ்கின்றனர் என்னும் கேள்வியும் எழுகின்றது.

கதிர்வீச்சு நோயை அழிக்கையில், அருகிலுள்ள சிறுநீர்ப்பையையும் குடலையும் தாக்குவதுண்டு. அதனால் சிறுநீரை அடக்க இயலாமற் போகலாம். நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டாலும் பழுதுற்றாலும் கால் வீங்கும். சூலகம் செயலிழந்தால், உரிய காலத்துக்கு முன்பே மாதவிடாய் நின்று எலும்பு வலிவிழக்கும். இல்லற உறவும் வேதனை தரக்கூடும். இவற்றோடு, நோய் மீளுமோ என்னும் அச்சம் வேறு.

கூடை சுமந்து தெருத்தெருவாக நடப்பவருக்கு வீங்கிய காலும், ஒதுங்க இடமில்லாத வீதியும் எத்துணைத் துன்பம்! அத்தாய் இதனைக் கணவரிடமும் கூறவில்லை. அவரை எவரும் கேட்கவுமில்லை.

பரிகாரங்கள் இல்லாமல் இல்லை. இடுப்பின் அடித்தளத் தசைகளுக்குப் பயிற்சி உண்டு. கால் வீக்கத்துக்கு அழுத்தக் காலுறை உண்டு. உறவில் நேரும் வேதனைக்கும் மருத்துவரிடம் வழி உண்டு. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், இயன்முறைச் சிகிச்சையையும் வலி தணிக்கும் பராமரிப்பையும் வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்தது. ஆனால், வாய் திறந்து கேட்டால்தானே மருந்து கிட்டும்? நாணமே இங்கு இரண்டாம் நோய்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இவ்வாறு பிழைத்தவர் இருக்கலாம். அவரோடு அமர்ந்து உண்பதால் புற்றுநோய் தொற்றாது. "குணமாகிவிட்டதே" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள், "இப்பொழுது எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். மீண்டும் உதிரப்போக்குக் கண்டால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அந்தத் தாய் இன்று பயிற்சி செய்கிறார். கால் வீக்கம் சற்றுக் குறைந்திருக்கிறது. முன்போல் முழுக் கூடை சுமக்க இயலவில்லை. பாதிக் கூடையை அவர் சுமக்க, மீதியைக் கணவர் மிதிவண்டியில் கொண்டு செல்கிறார். அவரிடமும் இப்பொழுது எல்லாம் சொல்லிவிட்டாராம்.