சிலாதோரணத்தின் கல்லடியில்

திருமலையின் அடிவாரமான அலிபிரியில் படியேறத் தொடங்குபவர்களின் கண் கோபுரத்தைத் தேடும். இன்றைய உரை அதே மலையில் பாதையோரக் கல்லின் அடியைப் பார்க்கிறது.

திருமலைக் கோயிலுக்கு வடக்கே, சக்ர தீர்த்தத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது சிலாதோரணம். சுமார் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட இயற்கையான கல்வளைவு. இந்தக் குவார்ட்சைட் பாறை, 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமில்லாத கடலில் படிந்து இறுகிய மணல். அந்தக் கரையில் நண்டு ஏது, இறால் ஏது? விலங்கினமே தலைகாட்டாத காலம் அது.

இன்று அங்கே நண்டின் உறவுக்காரர் உண்டு. மழைக்குப்பின் சருகையோ சிறு கல்லையோ மெல்லப் புரட்டினால், அரை அங்குலம்கூட இல்லாத சாம்பல்நிற உயிர்கள் சிதறி ஓடும். சில வகை தொட்டதும் உருண்டுகொள்ளும். பூச்சி என்றுதான் பலரும் நினைப்பார்கள். பூச்சிக்கு மூன்று ஜோடிக் கால், இவற்றுக்கு ஏழு. கடலோரத்திலிருந்து நிலத்துக்கு ஏறிவந்த இசோபாட் குலம் இது.

கரையிலேயே தங்கிவிட்ட பங்காளியின் பெயர் லிஜியா. அலை எட்டும் எல்லைக்குச் சற்று மேலே, கடலோரப் பாறைகளில் கரப்பானைப் போல விரையும். பூச்சிகளுக்கு உள்ளதுபோல் நீரைக் காக்கும் மெழுகுப் படலம் அதற்கு இல்லை. மூச்சு விடுவதோ வயிற்றடியில் உள்ள செவுள்களால். அவை காய்ந்தால் உயிர் போய்விடும். ஆகவே கடைசி இரு கால்களைச் சேர்த்து ஈரத்தில் வைக்கும். அவற்றின் நுண்மயிர்கள் வழியே நீர் தானாக மேலேறும்.

மலைக்கு வந்த உறவுக்குப் பக்கத்திலேயே கடல்நீர் என்ற வசதி இல்லை. 1937இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் விலங்கியலாளர் டொனால்ட் கன் இந்தக் குலத்தின் ஒரு வகையைச் சோதித்தார். வறண்ட காற்றில் அது ஓயாமல் அலைந்தது. ஈரக் காற்றில் பெரும்பாலும் அசையாமல் நின்றது. ஈரம் எந்தத் திசையில் என்று தெரிய வேண்டியதே இல்லை! வறட்சி விரட்டுகிறது, ஈரம் நிறுத்துகிறது. கடைசியில் கூட்டம் ஈர இடத்தில் சேர்ந்துவிடுகிறது. இந்த மலை வெயிலில் இத்தனை எளிய விதி ஓர் உயிரைக் காக்கிறது என்பது பெரிய அதிசயம்தான். புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும்; அதன் அடியில் தேங்கிய ஈரக் காற்றுதான் அவற்றின் வீடு.

இரவில் இந்த விதி தளரும். இருட்டில் ஈர நாட்டம் குறைவதை 1952இல் விலங்கியலாளர் கிளௌட்ஸ்லி-தாம்சன் காட்டினார். வெயில் தணிந்து காற்றும் குளிர்ந்திருக்கும் அந்த நேரத்தில், அவை கல்லை விட்டு வெளியேறி மட்கிய இலைகளைத் தின்னப் போகின்றன.